மூன்றாம் நாளும் மஞ்சள்

எங்கள் ஷெட்டில் ஒருவர் மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு அவர் எந்த மெஷினில் நின்றார் என்று சொல்லிவிடலாம். பெயிண்டுக்கும் தரை ஓட்டுக்கும் போகிற கலர் பொடியை அரைத்து, சலித்து, மூட்டை கட்டுகிற இடம் அது. சிவப்பு ஓடினால் கைக்குட்டை சிவப்பு. கறுப்பு ஓடினால் கறுப்பு. முகத்தில் எத்தனை மடிப்புத் துணி கட்டினாலும் உள்ளே போகும். ஒரு நாள் வீட்டில் இருந்தால் பாதி வெளுக்கும், இரண்டாம் நாள் முழுக்க வெளுத்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் அதைப் பார்த்துப் பயந்து டாக்டரிடம் ஓடுவார்கள். பழைய ஆட்கள் சிரிப்போம்.

எங்களோடு மூட்டை தூக்குகிறவருக்குச் சங்கு என்று பெயர் வைத்திருந்தோம். அவர் மூக்கைச் சிந்துகிற சத்தத்தில் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதிவிட்டது என்று நினைத்து ஆபீஸ்காரர்கள் பையைத் தூக்கிக்கொள்வார்கள். புது ஆட்களிடம் அவர்தான் சொல்வார்: "உன் மூக்குல வர்றது கம்பெனி சரக்குடா. சிந்தி எறியாத, எடை குறையும்."

என் மனைவியும் அதே கம்பெனிதான். பதினோரு வருஷம் மூட்டை வாய் தைத்தவள். ஒரு நாள் மேனேஜர் விளையாட்டாகப் பத்து வகைச் சிவப்புப் பொடி டப்பாவைக் கலைத்துப் போட்டு, வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை அடுக்கச் சொன்னார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் அடுக்கிவிட்டாள். அதோடு, டப்பாவில் ஒட்டியிருந்த நம்பரே தப்பு, நாலும் ஐந்தும் மாறியிருக்கிறது என்றும் சொல்லிவிட்டாள். மறு வாரமே, கலர் ஒத்துப் பார்க்கிற ஷேட் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல், நாற்காலி, மேலே ஒரு காற்றாடி. மூன்று மாதம் பார்ப்போம், சரிப்பட்டு வந்தால் நிரந்தரம் என்றார்கள். இரண்டு மாதம் ஓடியிருந்தபோது அவளுக்குச் சளி பிடித்தது.

நான்காம் நாள் தெருமுனைச் சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்தார். கன்னம் இரண்டையும் நெற்றியையும் கட்டைவிரலால் அழுத்தினார். குனியச் சொன்னார்.

"வலிக்குதா?"

"வலி இல்லீங்க. அடைப்புதான். தலைக்குள்ள ஈரத்துணியத் திணிச்ச மாதிரி."

காய்ச்சலும் இல்லை. மாத்திரை ஜன்னல் மூடுகிற நேரம் ஆகிவிட்டதால் என் மனைவி சீட்டை வாங்கிக்கொண்டு இடம் பிடிக்க ஓடினாள். நானும் பையைத் தூக்கினேன்.

"நீங்க ஒரு நிமிஷம் இருங்க," என்றார் டாக்டரம்மா. "இது சாதாரண சளி, தானா போயிடும். உப்புத் தண்ணியில மூக்கைக் கழுவச் சொல்லுங்க. சளி மஞ்சளா வருது, பச்சையா வருதுன்னு அதை மட்டும் வச்சு நாங்க பெரிய மருந்து எழுத மாட்டோம். நாள்தான் முக்கியம். பத்து நாள் தாண்டியும் குறையலன்னா கூட்டிட்டு வாங்க. இல்லன்னா, நல்லா குறைஞ்சு வந்து திரும்ப ஏறுச்சுன்னா பத்து நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல், ஒரு பக்கக் கன்னம் மட்டும் வலி, மேல்பல் வலி, மூக்குல கெட்ட நாத்தம், இதெல்லாம் பாருங்க. கண்ணைச் சுத்தி வீங்கினாலோ ரெண்டு ரெண்டா தெரிஞ்சாலோ இங்க வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர்."

"அவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்."

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "உங்கள உக்கார வச்சு என்ன சொன்னாங்க? நான் பிழைப்பேனாமா?"

"சாதாரண சளியாம். தானா போயிடுமாம்."

"இவ்ளோதானா? இதுக்கா இவ்ளோ நேரம்?"

"உப்புத் தண்ணியில மூக்கக் கழுவணுமாம்."

மீதியைச் சொல்லவில்லை. மறந்து போய்விடவில்லை. இவள் எதையும் மனதில் போட்டு உருட்டுகிறவள். திரும்ப ஏறும், கண் வீங்கும் என்றெல்லாம் சொன்னால் பத்து நாளும் கட்டிலைவிட்டு இறங்க மாட்டாள், ஷேட் ரூம் கை நழுவிப் போகும் என்று நானே கணக்குப் போட்டேன். அவளுடைய மூக்குக்கு நான் போட்ட கணக்கு.

ஆறாம் நாள் சளி நன்றாகக் குறைந்தது. ஏழாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, "இன்னைக்கு ஒரு நாள் வீட்டுல இருக்கட்டுமா?" என்று கேட்டாள். "போயேன். உக்காந்து பாக்கற வேலைதானே," என்றேன். போனாள். அந்த வாரம் ஷெட்டில் மஞ்சள் ஓடிக்கொண்டிருந்தது. ஷேட் ரூம் கதவைச் சாத்தி வைத்தாலும் மேஜை மேல் விரலால் கோடு போடலாம், அவ்வளவு தூசி.

எட்டாம் நாள் வேலையிலிருந்து திரும்பும்போதே காய்ச்சல். இடது கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு வந்தாள். மேல்வரிசைப் பல் நாலைந்து சேர்ந்தாற்போல் வலிக்கிறது, கடைவாய்ப் பல் கெட்டிருக்கும் போல என்றாள். மூக்கைச் சிந்தினாள். மஞ்சள்.

"என்னங்க, கெட்டியா வருதே."

"மஞ்ச லோடு ஓடுது. எனக்கும் அப்படித்தான் வருது. ஷெட்டுல எல்லாருக்கும் அப்படித்தான்."

சொன்னது பொய்யில்லை, என் மூக்கிலும் மஞ்சள்தான் வந்தது. ஆனால் சொல்லும்போதே அந்த டாக்டரம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது. குறைந்து, திரும்ப ஏறினால். அதை அமுக்கிவிட்டுக் கடைக்குப் போய்ப் பல்வலி மாத்திரை வாங்கி வந்தேன்.

மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. போக முடியவில்லை. துடைப்பத்தை எடுக்கக் குனிந்தால் முகத்துக்குள் எதுவோ முன்னால் உருண்டு வந்து இடிக்கிறது என்றாள். சாப்பாட்டில் மணம் தெரியவில்லை, மூக்குக்குள் மட்டும் அழுகின நாற்றம் அடிக்கிறது என்றாள். மாத்திரை போட்டால் காய்ச்சல் நாலு மணி நேரம் விலகும், பிறகு வந்து உட்கார்ந்துகொள்ளும். "பல் டாக்டர்கிட்ட போவோமா?" என்று ஒரு தரம் கேட்டாள். "நாளைக்குப் போவோம்," என்றேன். நாளை வந்ததும் அதையே திரும்பவும் சொன்னேன்.

பதினொன்றாம் நாள் சங்குதான் கேட்டார். மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டு இறங்கும்போது.

"மாப்ளே, தங்கச்சி ரெண்டு நாளா கண்ணுலயே படலையே?"

"மூணு நாள் ஆச்சு. சளி. மஞ்ச லோடு ஓடினப்ப வந்தாளே, அது இன்னும் வந்துகிட்டிருக்கு."

"இன்னும் மஞ்சளா?"

"ஆமா."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வீட்டுல இருந்தா ரெண்டு நாள்ல வெளுத்துடுமே. மூணாம் நாளும் மஞ்சள்னா அது எப்படிக் கம்பெனி சரக்கு? நமக்கே நேத்துலேர்ந்து நீலம் ஓடுது. நீ சிந்திப் பாரு."

சிந்திப் பார்த்தேன். நீலம்.

சங்கு சிரிக்கவில்லை. "கூட்டிட்டுப் போ," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவள் கண்ணயர்ந்திருந்தாள். தலைமாட்டில் கிடந்த துணியை எடுத்துப் பார்த்தேன். பொடி கலந்த சளி தண்ணீரில் அலசினால் கரைந்து போகும். இது கரையவில்லை. கோந்து மாதிரி துணியிலேயே நின்றது, நாறியது. எழுப்ப மனம் வரவில்லை. காலையில் முதல் வேலையாகப் போவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் கண்ணாடி முன்னால் நின்று கத்தினாள். இடது கண் இமை செக்கச்செவேலென்று வீங்கி, பாதி மூடியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் எங்களுக்கு முன்னால் ஒருவர் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளி வந்திருந்தார். டியூட்டி டாக்டர் அவரை நிற்க வைத்துத் திட்டித் தீர்த்தார். "ஒரு வாரமா காலு கறுத்துப் போய் இருக்கு, இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா உங்களுக்கு? நீங்க எல்லாம் எதுக்குக் கூட இருக்கீங்க?" அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வரிசையில் இருந்த எல்லோரும் அவரையே பார்த்தார்கள். என் மனைவியும் மூடாத கண்ணால் பார்த்தாள்.

அடுத்தது நாங்கள்.

"எப்பலேர்ந்து இந்த வீக்கம்?"

"இன்னைக்குக் காலையிலதான் சார்." இது அவள் சொன்னது.

"சளி, காய்ச்சல் ஏதாவது?"

அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சளி எங்க வேலையில எல்லாருக்கும் இருக்கும் சார். கலர் பொடி கம்பெனி. மூக்குல எப்பவும் வந்துகிட்டேதான் இருக்கும்."

டாக்டர் தெர்மாமீட்டர் வைத்தார். காலையில் மாத்திரை போட்டிருந்தாள், காய்ச்சல் காட்டவில்லை. "கண்ணைக் கசக்கினீங்களா? பொடி பட்ட கையோட?"

"இருக்கும் சார்," என்றேன்.

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன்.

"தூசி ஒத்துக்கல. கண்ணு கழுவிட்டு சொட்டு மருந்து விடுங்க, அலர்ஜி மாத்திரை அஞ்சு நாள். குறையலன்னா வாங்க." சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மருந்து வாங்குகிற வரிசை நடை முழுக்க நீண்டிருந்தது. எங்கள் முன்னால் இருபது பேராவது இருந்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"நான் நாலு நாளா பொடியத் தொடவே இல்ல. எந்தக் கையால கசக்கினேன்?"

நான் முன்னால் நின்றவர்களை எண்ணினேன். அவள் கையிலிருந்த சீட்டு நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதட்டினால்கூட அழாதவள். வாயிலிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. கையை எடுத்தபோது இடது கண் முழுதாக மூடியிருந்தது.

அவளைப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லவும் தோன்றவில்லை. அப்படியே கையைப் பிடித்துத் தூக்கி, வந்த வழியே இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் இருந்த ஆள் டோக்கன் கேட்டார். தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

"சார், நான் சொன்னது தப்பு."

டாக்டர் இன்னொருவர் நெஞ்சில் குழாயை வைத்திருந்தார். "வெளிய இருங்க."

"பொடி இல்ல சார். பன்னிரண்டு நாளா சளி. ஆறாம் நாள் குறைஞ்சுது. எட்டாம் நாள் திரும்ப ஏறுச்சு. காய்ச்சல், இந்தப் பக்கக் கன்னம் மட்டும் வலி, மேல்பல் வலி, குனிய முடியல, கெட்ட நாத்தம். நாலு நாளா வீட்டுலதான் இருக்கா. பொடின்னா ரெண்டு நாள்ல மூக்கு வெளுத்துடும் சார். இது வெளுக்கல. மஞ்சளா, அதுவும் இடது மூக்குல மட்டும் வருது."

மூச்சு விடாமல் சொன்னேன். டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார்.

"இதை ஏன்யா முதல்லயே சொல்லல?"

"அங்க ஒரு டாக்டரம்மா எல்லாத்தையும் என்கிட்ட சொல்லியிருந்தாங்க சார். திரும்ப ஏறினா கூட்டிட்டு வா, கண்ணு வீங்கினா நேரா இங்க ஓடுங்கன்னு. நான்தான் இவகிட்ட சொல்லல."

என் கைக்குள் இருந்த அவள் கை அப்படியே இருந்தது. இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

டாக்டர் திட்டுவார் என்று நின்றேன். அவருக்கு அதற்கு நேரமில்லை. அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, இடது கன்னத்தை லேசாகத் தொட்டார். அலறினாள். மூக்கின் ஓரத்தில், கண்ணுக்குப் பக்கத்தில் தொட்டார். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வலது கன்னத்தில் அழுத்தினால் ஒன்றும் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு வீங்கிய இமையை இரண்டு விரலால் பிரித்தார். உள்ளே கண் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது.

"என் விரலைப் பாருங்க. தலைய ஆட்டாம கண்ணை மட்டும் திருப்புங்க."

வலது கண் விரலோடு போனது. இடது கண் பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

"வலிக்குது சார். விரலு ரெண்டா தெரியுது."

டாக்டர் சட்டைப் பையிலிருந்து சிவப்பு மூடி போட்ட பேனாவை எடுத்தார். அவளுடைய இடது கண்ணை மறைத்தார். "இது என்ன கலர்?"

"சிவப்பு. நாலாம் நம்பர்."

"நம்பரா?"

"எங்க ரூம்ல சிவப்புக்குப் பத்து நம்பர் இருக்கு சார். இது நாலு."

இப்போது வலது கண்ணை மறைத்து, இடது இமையைப் பிரித்துப் பிடித்தார். "இப்ப?"

அவள் வலியிலும் கவனமாகப் பார்த்தாள். ஷேட் ரூமில் அவள் அப்படித்தான் பார்ப்பாள், உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு.

"பேனாவ மாத்திட்டீங்களா?"

"இல்லம்மா. அதே பேனாதான்."

"இது ஏழு சார். பழுப்பு கலந்திருக்கு. அழுக்குத் தண்ணியில முக்கி எடுத்த மாதிரி."

டாக்டர் பேனாவைப் பையில் போடவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டே நர்சைக் கூப்பிட்டார். "காது மூக்கு தொண்டை டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்களான்னு கேளுங்க. ஸ்கேனுக்குச் சொல்லுங்க. கையில ஊசி போட்டு மருந்த ஆரம்பிங்க, இப்பவே." என்னிடம் திரும்பினார். "நிறைய பேர் 'கொஞ்சம் மங்கலா இருக்கு'ன்னுதான் சொல்வாங்க. இவங்க சொன்னது ரொம்பத் தெளிவு. கண்ணுக்குப் பின்னாடி நரம்பு நசுங்குது."

பிறகு எல்லாம் ஓட்டம். ஸ்கேன் எடுத்தார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர், நரைத்த முடியைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டே வந்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கன்னத்துக்குள்ளும் இரண்டு கண்ணுக்கு நடுவிலும் எலும்புக்குள் காற்று இருக்க வேண்டிய அறைகள் இருக்கின்றன. வலது பக்கம் கறுப்பாக, காலியாக இருந்தது. இடது பக்கம் வெள்ளையாக அடைத்துக்கிடந்தது. சளி பழுத்துச் சீழாகி, தாள் மாதிரி இருக்கிற எலும்பைத் தாண்டிக் கண் பக்கம் போயிருக்கிறது என்றார்.

"மூக்கு வழியாவே போய் எடுக்கணும். மணிக்கணக்குதான் இருக்கு."

"கண்ணு வந்துடுமா டாக்டர்?"

"எடுத்துட்டுச் சொல்றேன்."

தள்ளிக்கொண்டு போகும்போது கட்டிலோடு நடந்தேன். அவள் ஒற்றைக் கண்ணால் மேலே ஓடுகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தியேட்டர் கதவுக்கு முன்னால் கேட்டாள்.

"நாலாம் நாளே சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"பல்லு வலிக்கும்னுகூடவா?"

"ஆமா."

"நான் பல்லத்தான் பிடுங்கணும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள். அவ்வளவுதான். கதவு திறந்து மூடியது.

வெளியே இரும்பு நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்தேன், எழுந்தேன். கதவின் மேலே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போனில் சொன்னதும் சங்கு வந்தார், ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு, உடம்பெல்லாம் நீலமாக. நடையில் போனவர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

"மேனேஜர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். கேட்டதும் வெட்கமாக இருந்தது.

"அதைப் பத்தியா இப்ப பேசறே?" என்றார் சங்கு. என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டாவது மணி தொடங்கியபோது ஒரு நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வேகமாக ஓடினார். எதற்கு ஓடுகிறார் என்று யாரிடம் கேட்பது? திரும்பி வரும்போது கையில் ஏதோ ஒரு பெட்டி. மறுபடியும் கதவு மூடியது. சங்கு என் முதுகில் கையை வைத்தார், எடுக்கவில்லை.

டாக்டர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். "சீழ் நிறைய இருந்துச்சு. எடுத்தாச்சு. கண்ணுல இருந்த அழுத்தம் குறைஞ்சிருக்கு. பார்வை எவ்வளவு திரும்பும்னு நாளைக்குத்தான் தெரியும்."

மறுநாள் காலை பார்வையாளர் நேரத்துக்கு முன்னாலேயே போய் நின்றேன். டாக்டர் இமையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீக்கம் பாதி வடிந்திருந்தது. கண் எல்லாப் பக்கமும் திரும்பியது. இரண்டாகத் தெரியவில்லை. கலர் இன்னும் கொஞ்சம் மங்கல், ஆனால் நேற்று மாதிரி இல்லை என்று அவளே சொன்னாள். "சில வாரம் ஆகும், வந்துடும்," என்றார் டாக்டர். "இன்னும் அரை நாள் தள்ளியிருந்தா நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள், வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கொண்டு வந்த டீயை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிக் குடித்தாள்.

ஐந்து நாள் அப்படியே போயிற்று. தண்ணி எங்கே, துண்டு எங்கே என்ற அளவுக்குத்தான் பேச்சு. ஷேட் ரூம் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை.

ஆறாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நர்ஸ் மருந்துப் பையோடும் ஒரு தாளோடும் வந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"கேட்டுக்கோங்க. இந்த மாத்திரை காலை, ராத்திரி. மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது. உப்புத் தண்ணி எப்படிக் கலக்கறதுன்னா..."

"சிஸ்டர்," என்றாள் என் மனைவி.

நர்ஸ் திரும்பினார்.

"மூக்கு என்னோடது. இங்க வந்து என்கிட்ட சொல்லுங்க."

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டேன். அவர் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் மனைவி தாளை வாங்கி, வலது கண்ணால் ஒரு தரம், இடது கண்ணால் ஒரு தரம் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள். "எது எது வந்தா எப்ப வரணும், அதையும் சொல்லுங்க. எதையும் விட்டுடாதீங்க."

நர்ஸ் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் அவள் திரும்பக் கேட்டாள். நான் மருந்துப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்கிற தூரத்தில் நின்றேன்.